ராங்கியின் இடுப்பு முடிச்சு

குதிரைக்கு எதற்கு மசாஜ் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது. தசை தளரும், ரத்தம் ஓடும், காலடி நீளும், தீனி இறங்கும். சேணம் போடும்போது கடிக்க வரும் குதிரை கடிக்காது, வெறுமனே முறைக்கும். பந்தயம் ஓடி விறைத்து நிற்கும் குதிரையின் முதுகில் அரைமணி நேரம் கை ஓடினால் அது தலையைத் தொங்கப்போட்டு, கீழுதட்டைத் தளரவிட்டு, கூட்டத்தில் தூங்கிவிட்ட மாமனாரைப் போல நிற்கும். இவ்வளவையும் நான் சொல்லி முடித்ததும் கேட்டவர், "அப்ப எனக்கும் கொஞ்சம் பண்ணி விடுங்களேன்" என்பார். எல்லாரிடமும் இந்த ஒரு ஜோக்தான் இருக்கிறது. நானும் சிரித்து வைப்பேன்.

சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. உடம்பு ஓர் இடத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தால் பெரும்பாலும் அது களைப்பு. சில நேரம் அது காவல். உள்ளே ஏதோ விரிசல் விட்டிருக்கிறது, அசையக் கூடாது என்று தசை தானாகவே கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் கட்டையும் என் கை அவிழ்த்துவிடும். கைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்ல வாய் வேண்டும். ராங்கி விஷயத்தில் எனக்கு அந்த வாய் இருக்கவில்லை.

ராங்கி என்பது நாங்கள் வைத்த பெயர். பந்தயப் பட்டியலில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள். கருத்த பழுப்பு நிறம், ஐந்து வயது, எங்கள் லாயத்தின் இருபத்திரண்டு குதிரைகளில் வேகத்திலும் திமிரிலும் அவள்தான் முதல். தீனி போடுபவர் தோளில் அவள் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. லாடம் அடிப்பவரை ஒருமுறை வாளியோடு சேர்த்து முற்றத்தின் நடுவரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்துக் கொட்டடிக் குதிரை தும்மினால்கூட இவளுக்குப் பொறுக்காது.

சீசனின் கடைசிப் பெரிய பந்தயத்தில் அவள் மேல் ஏறப்போவது என் தம்பி. அவன் ஜாக்கி. என்னைவிட எட்டு வயது சின்னவன், எடையில் என்னில் பாதி. போன வருடம் ஒரு குதிரை அவனோடு சேர்ந்து விழுந்தது. தோளெலும்பும் இரண்டு விலாவும் முறிந்து ஏழு மாதம் வீட்டில் கிடந்தான். திரும்பி வந்த பிறகு யாருக்கும் வேண்டாத குதிரைகளைத்தான் அவனுக்குத் தந்தார்கள். கடைசியில் வருவான், தூசியைத் துப்புவான், வீட்டுக்குப் போவான். அப்படி இருந்தவனைக் கூப்பிட்டு வாத்தியார் ராங்கியைத் தந்தபோது அவன் என்னிடம் ஓடிவந்து சொல்லவில்லை. மெதுவாக நடந்து வந்து, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, "அக்கா, என்னைக் கொஞ்சம் கிள்ளு" என்றான். நான் பலமாகவே கிள்ளினேன்.

வாத்தியார் என்பது எங்கள் பயிற்சியாளர். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் வாத்தியார். கத்தமாட்டார். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். கடைசியில் உதடு மட்டும் அசையும். என்னைப் பொறுத்தவரை அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "கை வைக்கிறவங்க கை வைக்கணும். நோய் சொல்றது டாக்டர் வேலை." அந்தச் சட்டம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக் குதிரையின் முழங்காலைத் தடவிவிட்டு, உள்ளே ஏதோ சரியில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அதற்குள் குதிரை ஒரு மாதம் ஓடாமல் சும்மா நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வாரம் நான் முற்றத்துக்குள் வந்தபோது லாடம் அடிப்பவர், "வழி விடுங்கப்பா, ஸ்கேன் மெஷின் வருது" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஸ்கேன் என்று பெயர். தீனி போடுபவர் மரியாதையாக ஸ்கேன் அக்கா என்பார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன், ஆனால் உள்ளுக்குள் எரிந்தது.

பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ராங்கி கொட்டடியிலிருந்து குறுகிய அடி வைத்து வெளியே வந்தாள். நொண்டல் என்று சொல்ல முடியாது. வலது பின்னங்காலை எடுத்து வைப்பதில் ஒரு சோம்பல், அவ்வளவுதான். அவளைச் சுவர்ப் பக்கம் நிறுத்திக் கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். தோள், முதுகு, விலா எல்லாம் நன்றாக இருந்தன. வலது இடுப்பெலும்பின் முனைக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளி கை நின்றது. அங்கே என் உள்ளங்கை அளவுக்கு ஓர் இறுக்கம், தோலுக்கு அடியில் கல்லைப் புதைத்து வைத்த மாதிரி. மெதுவாகச் சூடேற்றி, உள்ளங்கையால் உருட்டி, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து கரைத்துக் கரைத்து உள்ளே போனேன். முக்கால் மணி நேரத்தில் அது இளகியது. தம்பி ஏறி மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தான். அவள் காலடி திரும்பவும் நீளமாக விழுந்தது. வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் என் பக்கம் திரும்பி, "உன் கையில என்னவோ இருக்கும்மா" என்றார். பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை அதே இடத்தில் அதே கல் இருந்தது. நேற்றைய வேலை போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி முக்கால் மணி நேரம், மறுபடி இளகல், மறுபடி நீளமான காலடி.

மூன்றாம் நாள் காலை கொட்டடிக்குள் நுழைந்ததுமே எனக்கு ஏதோ பிடிக்கவில்லை. ராங்கி என்னைக் கடிக்க வரவில்லை. காதை மடக்கவில்லை. இரண்டடி நகர்ந்து வந்து தன் பின்புறத்தை என் பக்கம் திருப்பி, இந்தா, பார் என்பது போல நின்றாள். கை வைத்தேன். கல் இன்னும் பெரிதாகியிருந்தது. களைப்பினால் இறுகிய தசையை ஒருமுறை ஒழுங்காக அவிழ்த்தால் இரண்டு மூன்று நாளாவது சும்மா இருக்கும். திரும்பி வந்தாலும் முன்பைவிடக் குறைவாகத்தான் வரும். இது ஒவ்வொரு ராத்திரியும் முன்பைவிட அழுத்தமாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. நான் அவிழ்க்கிறேன், அவள் உடம்பு விடாப்பிடியாகக் கட்டுகிறது. யாரோ உள்ளேயிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் வெளியே இருந்து தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. கட்டைவிரலை ஆழமாக இறக்கியபோது அவள் வலியில் துள்ளவில்லை, மூச்சை நிறுத்திக்கொண்டாள். எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்று என் கைக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அன்றும் அவிழ்த்தேன். தம்பி ஏறினான், சுற்றினான், சிரித்துக்கொண்டே இறங்கினான்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று காரணம் இருக்கிறது. ஒன்று, ஸ்கேன் என்ற பெயர். இன்னொரு முறை மூக்கு உடைபட நான் தயாராக இல்லை. இரண்டு, தம்பி. அவன் மறுபடி சாப்பாட்டைக் குறைத்து, காலையில் எழுந்து ஓடி, கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தான். மூன்றாவது காரணத்தை நான் கடைசியில் சொல்வதற்குக் காரணம், அதுதான் உண்மையான காரணம். தினமும் காலையில் விறைப்பாக வெளியே வரும் குதிரை என் கை பட்டதும் பூவாகிப் போகிறது, அதை லாயமே நின்று பார்க்கிறது. லாடம் அடிப்பவர்கூடச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். அந்த ஒன்பது நாளும் நான்தான் அங்கே ராணி. எனக்கு அது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு பார்க்கும் இடமெல்லாம் அடையாளம் தெரிந்தது. கண்டும் காணாமல் இருந்தேன். ராங்கி தன் வலது பின்னங்காலை நுனிக் குளம்பில் நிறுத்தி வைத்திருந்தாள். பின்புறத்தைக் கொட்டடிச் சுவரில் சாய்த்துச் சாய்த்து வால் மயிர் தேய்ந்து, சுவரில் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. முன்பெல்லாம் படுத்துப் புரண்டு முதுகெல்லாம் வைக்கோலோடு எழுந்து வருவாள்; இப்போது காலையில் அவள் மேல் ஒரு வைக்கோல் துரும்புகூட ஒட்டியிருக்கவில்லை. அவள் படுப்பதே இல்லை. படுத்தால் எழ முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் பயிற்சி முடிந்து இறங்கிய தம்பி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"வளைவுல மட்டும் கொஞ்சம் யோசிக்கிறாக்கா. ஒரு செகண்ட்தான். அப்புறம் போயிடுறா."

"புது மண்ணு போட்டிருக்காங்கல்ல, அதுதான்டா" என்றேன்.

வாயிலிருந்து அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே வெறுப்பு வருகிறது. அவன் தலையாட்டிக்கொண்டு போனான். மண்ணைப் பற்றி அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அக்கா சொல்லிவிட்டாள்.

ஏழாம் நாள் டாக்டர் வந்தார். எங்கள் லாயத்துக்கும் பந்தயத் திடலுக்கும் அவர் ஒருவர்தான். நல்ல மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர், காரை அணைக்காமலேயே பாதி வேலையை முடிப்பவர். அவர் வருவதற்குள் ராங்கியைத் தயார் பண்ணி வைக்கும்படி வாத்தியார் சொல்லிவிட்டார். தயார் பண்ணுவது என்றால் நான்தான். தயார் பண்ணினேன். டாக்டர் அவளை நேராக ஓட்டிக் காட்டச் சொன்னார், திருப்பி ஓட்டிக் காட்டச் சொன்னார், குளம்பைத் தட்டிப் பார்த்தார். "பிரமாதமா இருக்கா" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் முழுசாக உறைத்தது. அவர் எப்போது வந்தாலும் நான் அவருக்கு முன்னால் வந்துவிடுகிறேன். அவர் பார்த்தது ராங்கியை அல்ல, என் கைவேலையை.

தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு அவர் காரருகே போனேன்.

"டாக்டர், நாளைக்கு நான் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்களேன்."

"கை வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாக் குதிரையும் விறைப்பாத்தாம்மா இருக்கும். அதுக்குத்தானே உங்களை வச்சிருக்காங்க?"

"இல்ல டாக்டர், வலது இடுப்புல..."

எனக்குப் பின்னால் வாத்தியார் நின்றிருந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. நான் மிச்சத்தை மென்று விழுங்கினேன். கார் போய்விட்டது.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் ஒரே காட்சி: வளைவு, ராங்கியின் வலது பின்னங்கால் மண்ணில் இறங்குகிறது, பிறகு அது மேலே வரவில்லை. அவள் மேல் இருப்பவன் எங்கே விழுவான், பின்னால் வரும் பதினோரு குதிரைகள் எங்கே கால் வைக்கும் என்று மனம் அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வழிதான் தோன்றியது. பந்தயத்தன்று காலை ஓடப்போகும் குதிரைகள் எல்லாவற்றையும் முற்றத்தில் டாக்டர் ஓட்டிப் பார்ப்பார். அன்று மட்டும் நான் கை வைக்காமல் இருந்தால் போதும். அவள் உடம்பே சொல்லிவிடும். நான் வாயைத் திறக்க வேண்டாம், சட்டத்தை மீற வேண்டாம், தம்பியிடம் கெட்ட பெயர் வாங்க வேண்டாம். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கோழைத்தனமான வழிதான். ஆனாலும் வழி கிடைத்ததில் அன்று ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்.

பந்தயத்தன்று காலை வழக்கமான நேரத்துக்குப் போய்க் கொட்டடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே இருப்பவர்களுக்கு நான் வேலையில் இருக்கிறேன். உள்ளே ராங்கியின் கழுத்தில் இரண்டு கையையும் வைத்து, நெற்றியை அவள் பிடரியில் சாய்த்து, முக்கால் மணி நேரம் சும்மா நின்றேன். இடுப்புப் பக்கம் போகவே இல்லை. போனால் கை தானாக வேலையை ஆரம்பித்துவிடும் என்று பயம். அவள் அடிக்கடி பின்புறத்தை என் பக்கம் திருப்பப் பார்த்தாள். "வேணாம்டி, இன்னைக்கு வேணாம்" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடத்தில் ஒரு குதிரையை முழுசாகத் தொட்டுப் பார்க்காமல் நான் கொட்டடியை விட்டு வெளியே வந்தது அந்த ஒரு நாள்தான்.

முற்றத்தில் அவளை ஓட்டிக் காட்டினார்கள். நான் குழாயடியில் நின்று அவள் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, இந்த அடியில் தெரியும். இல்லை, அடுத்த அடியில். ராங்கி முற்றத்தின் அந்தக் கோடி வரை ஓடித் திரும்பி வந்தாள். தண்ணீர் மாதிரி ஓடினாள். காலடி அவ்வளவு நீளம், அவ்வளவு சமம்.

கிட்டே ஓடிப்போய் அவள் வலது இடுப்பைப் பார்த்தேன். நான்கு விரல் தள்ளி, அந்த இடத்தில் மட்டும் ரோமம் எதிர்ப்பக்கமாக வாரி விட்டது போலக் கலைந்து நின்றது. வேலை முடிந்ததும் எதிர் ரோமத்தில் ஒரு இழுப்பு இழுத்து நிறுத்துவது என் பழக்கம், இந்த லாயத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. பக்கத்தில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியின் கையைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் சிவந்து வீங்கியிருந்தன.

"நீயாடா?"

"நீ ரெண்டு நாளா தூங்கலன்னு தெரியும்க்கா" என்றான் தணிந்த குரலில். "நீ வர்றதுக்கு முன்னாடி வந்து நானே கொஞ்சம் பண்ணி வச்சேன். தினம் பாக்குறேன்ல? உனக்குப் பாதி வேலை மிச்சம்னு நினைச்சேன். சரியா வந்திருக்கா?"

அச்சு அசலாக என் கைவேலை. ஒரு குறை சொல்ல முடியாது.

டாக்டர் தன் தாளில் குறித்துக்கொண்டு, "போகலாம்" என்று அடுத்த குதிரையைப் பார்க்கத் திரும்பினார்.

"டாக்டர், நில்லுங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இவ ஓடக் கூடாது. வலது இடுப்பெலும்புல விரிசல் விட்டிருக்கு."

வாத்தியார் என்னைப் பார்க்காமலேயே ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஸ்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை, அவன் முகம் செத்துப்போனது. "அக்கா, என்னக்கா இது, இன்னைக்குப் போயி..." என்று என் முழங்கையைப் பிடித்தான். டாக்டர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

என் வாயை யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. தம்பியின் கையை உதறிவிட்டு ராங்கியின் வலப்பக்கம் போனேன். அவள் என்னைக் கண்டதும் இடுப்பை நீட்டி, தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடினாள். சுகம் வரப்போகிறது என்று நினைத்தாள். அந்த நான்கு விரல் இடத்தில் முழங்கையை வைத்து, என் உடம்பின் மொத்தப் பாரத்தையும் அதன் மேல் இறக்கினேன்.

ஒரு குதிரை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அவள் பின்புறம் அப்படியே தரையை நோக்கி இறங்கியது. நாய் உட்காருவது போல உட்காரப் போனாள், முன்னங்காலை ஊன்றி எழுந்தாள், எழுந்த வேகத்தில் வலித்த காலையே வீசி உதைத்தாள். என் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி இருந்த வேலிப் பலகை இரண்டாகப் பிளந்தது. பிறகு நடுங்கிக்கொண்டு நின்றாள். வலது பின்னங்காலைத் தரையில் வைக்கவே இல்லை. தசை மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டதை என் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. என்னை அவ்வளவு நம்பியவளை நானே வலிக்க வைத்தேன் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன பண்ணிட்ட நீ? என்னக்கா பண்ணிட்ட?" என்று தம்பி கத்தினான்.

டாக்டர் இந்த முறை அவசரப்படவில்லை. காரிலிருந்து கருவியை எடுத்துவர ஆள் அனுப்பினார். அவள் இடுப்பில் பசையைத் தடவி, கருவியை ஒட்டி வைத்து, சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தார். வெள்ளைக் கோடு ஒன்று நேராக வந்து, ஓர் இடத்தில் படிக்கட்டு மாதிரி இறங்கி, மறுபடி தொடர்ந்தது. அந்தப் படிக்கட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

"முக்கால்வாசி விட்டிருக்கு. இதுக்குப் பின்னாடிதான் பெரிய ரத்தக்குழாய் ஓடுது. இன்னைக்கு அந்த வளைவுல வேகம் எடுத்திருந்தா முழுசா உடைஞ்சு அதைக் கிழிச்சிருக்கும். பத்து நிமிஷத்துல குதிரை முடிஞ்சிருக்கும்." தம்பியைப் பார்த்தார். "மேல இருந்த நீயும்தான்." கருவியைத் துடைத்துக்கொண்டே மேலும் சொன்னார். "இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. குறைஞ்சது ரெண்டு வாரம் இருக்கும்."

அதற்குப் பிறகு என்னை ஆளாளுக்குத் தாங்கினார்கள். லாடம் அடிப்பவர் என் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "கிண்டலுக்கு வச்ச பேரும்மா, மன்னிச்சிரு" என்றார். தீனி போடுபவர் டீ கொண்டுவந்து தந்தார். வாத்தியார் எதிரில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, "நல்லவேளைம்மா" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். ராங்கிக்கு நான்கு மாதம் கொட்டடி ஓய்வு, எலும்பு கூடிவிடும், உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். நெஞ்சுக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் பாராட்டு இனித்தது.

தம்பியைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனபோது சேணம் வைக்கும் அறையில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். பந்தயச் சட்டையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான். ஒரு பூட்ஸ் காலில் இருந்தது, இன்னொன்று கையில் இருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுவான் என்று எதிர்பார்த்துப் போனேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

"டாக்டர் ரெண்டு வாரம்னாரு" என்றான்.

"ஆமாடா."

"உன் கைக்கு எப்பக்கா தெரியும்?"

இன்று காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். அவனால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது, ஐந்தாம் நாளில் மண்ணைச் சொன்ன அதே வாய். ஆனால் அவன் கட்டைவிரல்கள் இன்னும் சிவந்திருந்தன. எனக்கு வேலையைக் குறைக்க விடிவதற்குள் எழுந்து வந்தவன்.

"மூணாவது நாள்" என்றேன்.

அவன் பூட்ஸைக் கீழே வைத்தான். உதடு அசையாமல் மனசுக்குள் எண்ணினான் என்று தெரிந்தது.

"அப்ப ஏழு நாள்."

"உனக்கு இந்த ரேஸ் கிடைக்கணும்னுதான்டா..." என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே அது பிடிக்காமல் போனது. "அது மட்டுமில்ல. எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

அவன் கோபப்படுவான் என்று நின்றேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் ஏதோ புரியாத கணக்கைப் பார்ப்பது போல என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு நாளும் என்னைத் தூக்கி அவ மேல ஏத்திவிட்டது நீதானேக்கா."

பந்தயக் குதிரை மேல் ஜாக்கி தானாக ஏறுவதில்லை. அவன் இடது காலை முழங்காலில் மடக்குவான், கீழே நிற்பவர் அதைக் கையில் தாங்கி ஒரே தூக்காகத் தூக்கிவிட வேண்டும். இந்த லாயத்துக்கு அவன் வந்த நாளிலிருந்து அவனைத் தூக்கிவிடுவது நான்தான், வேறு யாரையும் அவன் கேட்டதில்லை. அவன் அடுத்த பூட்ஸையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, என்னைத் தொடாமல் பக்கவாட்டில் ஒதுங்கி வெளியே போனான்.

மறுநாள் காலை வாத்தியார் அவனுக்கு வேறொரு குதிரையைத் தந்தார், வேகமான குதிரைதான். நான் முற்றத்தில் அதன் இடப்பக்கம் போய் நின்றேன். தம்பி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தான், என்னைத் தாண்டிப் பார்த்தான், "அண்ணே, கொஞ்சம் வந்து ஏத்திவிடுங்க" என்று லாடம் அடிப்பவரைக் கூப்பிட்டான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் விலகி வழி விட்டேன்.